முதுகில் ஒரு கை

அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தவர் கீழ்த்தளத்துச் சோபாக்காரர். குடிவந்த அன்று, சாமான் இறக்க வந்த வண்டிக்காரனோடு வாசலில் நின்று அவள் பேசிய பேச்சைப் பட்டறைக்குள்ளிருந்து கேட்டவர், வாயில் கவ்வியிருந்த ஆணிகளைக் கையில் துப்பிவிட்டு வெளியே வந்தார்.

"இந்த வாயாடி எந்த மாடிக்கு வர்றாங்க? நாலாவதா? நல்லவேளை, என் காது தப்பிச்சுது."

"எங்க தப்பிக்கும் மாமா? நான் நாலாவது மாடியில பேசினா உங்க பட்டறையில ஸ்பிரிங் ஆடும்."

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஆணிகள் தரையில் கொட்டின. இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினார்கள். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான். கட்டடம் முழுக்க அவள் வாயாடி. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ளவர்களையெல்லாம் கால் நோகாமல் ஏற்றி இறக்குகிறவன், தன் வீட்டுக்கு மட்டும் நாலு மாடி படியேறித்தான் போகவேண்டும். அவன்கூட ஃபோனில் அவள் நம்பரை அந்தப் பெயரில்தான் போட்டு வைத்திருந்தான்.

அப்படிப்பட்டவள் புது வேலைக்குப் போனதிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். முதலில் படிக்கட்டுப் பேச்சு நின்றது. பிறகு சாப்பாட்டு மேசைப் பேச்சு. அலுப்பு, சரியாகிவிடும் என்று புருஷன் நினைத்தான். வேலை என்னவென்று கேட்டால் "கம்ப்யூட்டர்ல சொடுக்கற வேலை" என்பாள். நாளெல்லாம் இருட்டான லிஃப்ட் குழிக்குள் கிரீஸும் தூசியுமாகக் கிடக்கிற அவனுக்கு, ஏசியில் உட்கார்ந்து சொடுக்குவது சொகுசு வேலையாகத்தான் பட்டது. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. கேட்டவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் பட்டது.

வேலை நடக்கிற இடம் ஒரு செருப்புக் கடையின் மேலே, மூன்றாவது தளம். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே நீளமான கூடம், எப்போதும் இறக்கிவிட்ட ஜன்னல் திரை, வரிசையாக மேசைகள், மேசைக்கொரு திரை. ஃபோனை வாசலிலேயே பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் ஒரு மிஷினுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உலகத்து ஜனங்கள் ஃபோனில் ஏற்றுகிற படங்களில் எது கெட்டது, எது சாதாரணம் என்று தானாகக் கண்டுபிடிக்க அந்த மிஷின் பழகிக்கொண்டிருந்தது. ஒரு படத்தைக் காட்டி, "இது அடிதடி", "இது குழந்தைக்கு ஆபத்து", "இது ஒன்றுமில்லை" என்று அது தன் யூகத்தைச் சொல்லும். சரியென்றால் ஒரு சொடுக்கு. தப்பென்றால் மாற்றிவிட்டு, ஏன் மாற்றினாய் என்று கீழே உள்ள கட்டத்தில் எழுதவேண்டும்.

மிஷின் அசட்டுத்தனமாகத் தப்புப் பண்ணும். பிள்ளை கத்தக் கத்த அப்பன் ஒருவன் அதற்குத் தலை குளிப்பாட்டுவான். மிஷின் "ஆபத்து" என்று அலறும். தூங்குகிற பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிப் போவார்கள், அதற்கும் "ஆபத்து". அட மக்கு, அது அவன் பெத்த பிள்ளைடா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வாயாடி மாற்றிவிடுவாள். அவளுக்கு அந்த வேலையில் சிரிப்பு வருவது அந்த ஒரு இடத்தில்தான்.

மற்றவை சிரிக்கிற படங்களில்லை. அவை என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை. பார்த்தவர்கள் பார்த்தது போதும். கூடத்தில் பார்ப்பதை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது, உள்ளேயும் ஒருவருக்கொருவர் பேசக் கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கையை மௌஸிலிருந்து எடுத்து ஒரு மூச்சு நேரம் ஆனால் மேசை மேல் இருக்கும் மஞ்சள் விளக்கு எரியும். எரிந்தால் சூப்பர்வைசர் தம்பி எழுந்து வருவான்.

பேச முடியாத இடத்தில் பெண்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். யார் தொடங்கியது என்று தெரியாது. மோசமான படம் வந்தால், பார்த்துக்கொண்டிருப்பவள் இடது கையால் மேசையை இரண்டு தடவை தட்டுவாள். பக்கத்து நாற்காலிக்காரி தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், வலது கையை மௌஸிலிருந்து நகர்த்தாமல், இடது கையை மட்டும் நீட்டித் தட்டியவளின் முதுகில் வைப்பாள். படம் முடிகிறவரை கை அங்கேயே இருக்கும். அவ்வளவுதான். வாயாடிக்குப் பக்கத்தில் இருந்தவள் நெட்டை. உயரத்துக்கேற்ற நீளக் கை. ஒரு வருஷத்தில் இரண்டு பேரும் பேசியது கொஞ்சம். நெட்டையின் உள்ளங்கைச் சூடு மட்டும் வாயாடிக்கு நன்றாகத் தெரியும்.

கெட்டது பழகப் பழக, தெருவில் நடக்கும்போதும் அவள் தலைக்குள் சொடுக்கு விழ ஆரம்பித்தது. பஸ்ஸில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் ஆள்: ஒன்றுமில்லை. காய்கறிக்காரர் கையில் கத்தி: ஒன்றுமில்லை. மகள் சிட்டு தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருப்பாள். அம்மா ஓடிவந்து புரட்டிப் பார்ப்பாள். "என்னம்மா, கலர் அழிஞ்சிடுச்சு!" என்று சிட்டு கத்துவாள். சிட்டுவுக்கு ஏழு வயது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று அம்மா முணுமுணுப்பது அவளுக்கு என்ன புரியும்?

அந்த மழை நாள் சாயங்காலம் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் பட்டறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கட்டடத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் அதுதான் வீடு. அம்மாக்கள் வேலையிலிருந்து வரும்வரை, பாதி தைத்த சோபாக்கள் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள், ரொட்டி தின்பார்கள், சண்டை போடுவார்கள். சோபாக்காரர் ஸ்பிரிங் பூட்டி முடித்ததும் ஒரு குரல் கொடுப்பார்: "யாருப்பா அங்க, வேலைக்கு வாங்க!" பிள்ளைகள் ஏறி மாறி மாறிக் குதிப்பார்கள். எங்கே சத்தம் வருகிறது, எங்கே குத்துகிறது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மேல்துணி தைப்பார். அந்தத் தெருவில் அவர் கை பட்ட சோபா ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு பிள்ளை குதித்திருக்கும்.

அன்று மழை கொட்டியது. பஸ்ஸை விட்டு இறங்கிய வாயாடி, சாக்கடை நிரம்பிய தெருவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கட்டடத்துக்கு முன்னால் அவளுக்குத் தெரியாத ஒரு சாம்பல் நிற வேன், பின்கதவு திறந்து நின்றது. தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்ட ஒரு ஆள், பழுப்புத் துணியில் சுற்றிய எதையோ தூக்கிக்கொண்டு வேனை நோக்கி வேகமாகப் போனான். துணிக்கு வெளியே இரண்டு சின்னக் கால்கள் தொங்கின. ஒரு காலில் ஷூ இருந்தது, இன்னொன்றில் இல்லை.

அந்தப் படத்தை அவள் கூடத்தில் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. அது எப்படி முடியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"விடுடா! புள்ளைய விடுடா! யாராவது வாங்களேன்!"

நாலு மாடிக்கும் கேட்கிற அந்தக் குரல் ஒரு வருஷம் கழித்து வெளியே வந்தது. ஓடிப்போய் அந்த ஆளின் தோளைப் பிடித்து இழுத்தாள். எதிர் டயர்க் கடைப் பையன்கள் ஓடிவந்தார்கள். கேள்வி கேட்கவில்லை, முதலில் அடித்தார்கள். சாக்கு நழுவி, கண்ணாடி சாக்கடையில் விழுந்து, உதட்டில் ரத்தத்தோடு முகம் தெரிந்தபோது அது சோபாக்காரரின் முகம். அவ்வளவு அடியிலும் அவர் கையிலிருந்த பிள்ளையை விடவில்லை. முழித்துக்கொண்ட அவருடைய பேத்தி "தாத்தா, தாத்தா" என்று அழுதது. வழக்கமாகச் சோபா ஏற்றிப் போகும் அவருடைய பச்சை வண்டி பழுது; இரவல் வாங்கிய வேனில், பட்டறையில் தூங்கிப்போன பேத்தியை நனையாமல் சோபாத் துணியில் சுற்றி மகள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கிளம்பியிருக்கிறார். எதிர் மாடி ஜன்னலிலிருந்து யாரோ ஒருவன் எல்லாவற்றையும் ஃபோனில் பிடித்துக்கொண்டிருந்தான்.

வாயாடி குனிந்தாள். சாக்கடைக்குள் கைவிட்டுக் கண்ணாடியைத் தேடினாள். ஒரு பக்கம் உடைந்திருந்தது. நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு பேத்தியோடு உள்ளே போனார்.

மறுநாள் பட்டறையில் பிள்ளைகள் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இரண்டாவது மாடி நர்ஸ், தன் இரண்டு பையன்களையும் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து ஒரு பெஞ்சில் உட்கார வைத்தாள். மற்றவர்களும் ஆளுக்கொரு வழி பார்த்துக்கொண்டார்கள். யாரும் சோபாக்காரரின் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. சொன்னால் பதில் சொல்லலாம். படம் வேறு ஃபோனுக்கு ஃபோன் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்த அவருடைய மருமகன், "கொஞ்ச நாளைக்குப் பிள்ளைய அங்க விட வேணாம்" என்று சொல்லிவிட்டானாம். பேத்தியும் வரவில்லை.

வாயாடி நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, அன்னிக்கு என் மேலதான் தப்பு. மாமா மேல ஒன்னுமே இல்லை. நான் தப்பா பாத்துட்டேன். பசங்கள அனுப்புங்க."

"தப்பா பாத்தேன்னா? எதை வச்சு அப்படிப் பாத்த?"

அவள் வாயைத் திறந்தாள். கையெழுத்து போட்ட காகிதம் ஞாபகத்துக்கு வந்தது. "மழை... சரியா தெரியலை."

"மழையில ஆள் யாருன்னு தெரியாமப் போகும். ஆனா நீ புள்ளைய விடுடான்னு கத்தின. தாத்தா பேத்தியத் தூக்கிட்டுப் போறதப் பாத்தா எனக்கு அப்படித் தோணாது. யாருக்குமே தோணாது. உனக்கு ஏன் தோணுச்சு? முன்னாடி ஏதாவது பாத்திருக்கியா? சொல்லு. பயப்படாதே. உன்னை யாராவது மிரட்டுறாங்களா?"

"ஐயோ, இல்லக்கா!"

"அப்ப ஏன் மென்னு முழுங்குற? நீ வாயாடி. காரணமில்லாம நீ மென்னு முழுங்க மாட்டியே."

அவள் மன்னிப்புக் கேட்கக் கேட்க சோபாக்காரர் மேல் சந்தேகம்தான் கூடியது. காரணம் சொல்லாத மன்னிப்பை என்ன செய்வது? கட்டடத்துக்கே அது மூடி மறைக்கிற பேச்சாகத்தான் கேட்டது.

பட்டறைக்கும் போனாள். சோபாக்காரர் புதிதாக ஸ்பிரிங் பூட்டிய இருக்கையை முஷ்டியால் குத்திக் குத்திக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். குதிக்க ஆளில்லை. கண்ணாடியின் உடைந்த பக்கத்தில் டேப் ஒட்டியிருந்தது.

"மாமா..."

"உக்காரும்மா." அவருடைய குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "ஒன்னே ஒன்னு கேக்கணும். நீ என்னைத் தினம் பாக்கறவ. உன் பொண்ணு இங்கதான் வளருது. என்கிட்ட அப்படி என்னத்தம்மா பாத்த? என் மூஞ்சியில ஏதாவது இருக்கா? கண்ணாடியில பாத்துப் பாத்து எனக்கே ஒன்னும் தெரிய மாட்டேங்குது."

அவளால் அழ மட்டும்தான் முடிந்தது. அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடிக்கும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். கூடத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்து, வயிற்றில் உருளைக்கிழங்கும் கண்ணில் தூக்கமுமாக எல்லோரும் சொடுக்கிக்கொண்டிருந்த நேரம். வாயாடியின் திரையில் அடுத்த படம் வந்தது. மழை, சாம்பல் நிற வேன், துணிக்கு வெளியே இரண்டு கால்கள்.

மேலே மிஷினின் யூகம் சிவப்பில் நின்றது: குழந்தைக்கு ஆபத்து.

ஒரு பெண் தலைவிரி கோலமாக ஓடிவந்து கத்துவதை அவள் பார்த்தாள். டயர்க் கடைப் பையன் கையை ஓங்குவதைப் பார்த்தாள். சோபாக்காரர் அடிக்கு முதுகைக் காட்டி, பிள்ளையை நெஞ்சோடு மடக்கிக்கொள்வதையும் பார்த்தாள். அந்தத் தெருவில் நின்றபோது அவள் கண்ணில் படாதது அது. இடது கை தானாக மேசையை இரண்டு தடவை தட்டியது. நெட்டையின் கை வந்து முதுகில் உட்கார்ந்தது.

மக்கு மிஷின், என்று திட்ட வாயெடுத்தாள். திட்ட முடியவில்லை. அவள் என்ன பார்த்தாளோ அதையேதான் அதுவும் பார்த்திருந்தது. அவளிடம் படித்த பிள்ளைதானே.

"ஒன்றுமில்லை" என்று மாற்றினாள். காரணம்? என்று கட்டம் கேட்டது. வழக்கமாக இரண்டு வார்த்தை எழுதுவாள். அன்று விரல் நிற்கவில்லை: 'இவர் எங்கள் கட்டடத்தில் சோபா தைப்பவர். தூங்குவது அவர் பேத்தி. நனையாமல் இருக்கத்தான் துணி. கத்துகிறவள் நான். நாளெல்லாம் கெட்டதைப் பார்த்து நல்லதும் எனக்குக் கெட்டதாகத் தெரிந்துவிட்டது. தப்பு என் கண்ணில்.'

'திருத்தியதற்கு நன்றி. அடுத்தது.' என்றது மிஷின்.

அடுத்த படத்தைப் பார்க்காமல் அவள் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. இந்தத் தகர டப்பாவிடம் சொல்ல முடிந்ததை அந்த மனுஷரிடம் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் புருஷன் வந்தபோது அவள் சமையலறையில் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். அவன் கிரீஸ் கையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துவிட்டு, ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். இருவர் கையிலிருந்தும் தோல் விழுந்தது. அவள் மேசையை இரண்டு தடவை தட்டினாள்.

"என்ன, உப்பு வேணுமா?"

அழுகையும் சிரிப்புமாக அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. சொல்ல ஆரம்பித்தாள். கூடம், திரை, விளக்கு, தட்டு, கை. படங்களில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அவன் கையிலிருந்த கிழங்கு தோலோடு சேர்ந்து பாதியாகிவிட்டது.

"இதையெல்லாம் ஏண்டி என்கிட்ட சொல்லலை?"

"சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. அப்புறம்... நீங்க வேற ஏசியில உக்காந்து சொடுக்குறான்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டிருந்தீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் ஒரு மடையன். நீ ராத்திரி எழுந்து எழுந்து சிட்டு மூச்சு விடுதான்னு பாக்கறப்பவே நான் கேட்டிருக்கணும்."

"முழிச்சிருந்தீங்களா?"

"முழிச்சிருந்தேன். என்ன கேக்கறதுன்னு தெரியலை." கிழங்கைக் கீழே வைத்தான். "எங்க வேலைல ஒரு விதி இருக்கு, தெரியுமா? குழிக்குள்ள ஒத்த ஆளா இறங்கக் கூடாது. மேல ஒருத்தன் நின்னு பேசிட்டே இருக்கணும். இருட்டுல இறங்கறவனுக்கு மேலருந்து ஒரு குரல் வேணும்ல? உங்களை மட்டும் எப்படி இப்படித் தனித்தனியா இறக்கிவிட்டாங்க?"

"தனியா இல்லங்க. நெட்டை கை இருக்கு."

"அது நீங்களா பண்ணிக்கிட்டது. அவங்க என்ன பண்ணாங்க?"

அவள் தோல்களை ஒன்றாகக் குவித்தாள். "நான் மாமாகிட்ட சொல்லப்போறேன். அவர்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது. எல்லார் முன்னாடியும். கத்துனது எல்லார் முன்னாடியும்தானே."

"வேலை போயிடுமே?"

"போகும்."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். பிறகு, "போனா போகட்டும்" என்றான். "அந்த மனுஷனுக்குப் பேரு போயிட்டிருக்கு. சிட்டு அந்த சோபாவுலதான் எழுதப் படிச்சுது."

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் பட்டறைக்குக் கூப்பிட்டாள். வீடு வீடாகப் படியேறி அழைத்தவன் புருஷன். நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு வாசலோரம் நின்றாள். டயர்க் கடைப் பையன்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். சோபாக்காரர், "எதுக்கும்மா இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே, வந்தவர்கள் உட்கார இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியாக யாருக்கும் தெரியாத ஏழெட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். அதில் ஒருத்தி வாசல் நிலையில் இடிக்காமல் குனிந்து வந்தாள். அவளைத்தான் வாயாடி கூப்பிட்டிருந்தாள். மற்றவர்களை நெட்டை கூட்டி வந்திருந்தாள்.

"உங்க ஃபோன்ல கண்ட கண்டது வராம இருக்குல்ல" என்று வாயாடி ஆரம்பித்தாள். "அது எப்படி வராம இருக்கு?"

"அதெல்லாம் மிஷின் பாத்துக்கும்னு சொல்றாங்களே" என்றான் ஒரு டயர்ப் பையன்.

"மிஷினுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நாங்கதான். உங்க கண்ணுல படக் கூடாதுன்னு நாங்க நாள் பூரா பாக்கறோம்."

சொன்னாள். வேலையைச் சொன்னாள், விளக்கைச் சொன்னாள், மழையில் அந்தச் சின்னக் கால்களைப் பார்த்தபோது தனக்கு என்ன தெரிந்தது என்று சொன்னாள். "நான் பாத்தது மாமாவை இல்லை. அதுக்கு முன்னாடி பாத்த படங்களை. மிஷின் தப்பாச் சொன்னா திருத்த நாங்க இருக்கோம். நாங்க தப்பா பாத்தா எங்களைத் திருத்த யாரு இருக்கா? நான் போட்ட கூச்சல்ல ஒரு நல்ல மனுஷர்..."

அதற்கு மேல் வரவில்லை. அவள் கை பக்கத்திலிருந்த சோபாவின் மரக்கையை இரண்டு தடவை தட்டியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு நீளக் கை வந்து அவள் முதுகில் உட்கார்ந்தது. இது என்ன என்று யாருக்கும் புரியவில்லை. நெட்டைதான் சொன்னாள்.

"ரெண்டு தட்டு தட்டினா, முடியலைன்னு அர்த்தம். கை வச்சா, நான் இருக்கேன்னு அர்த்தம். அங்க எங்களுக்கு இருக்கற பாஷை இவ்வளவுதாங்க." பிறகு தன் பக்கத்திலிருந்தவளைக் காட்டினாள். "இவ சொந்தத் தம்பி வீட்டுக்கு வந்தாக் கதவைத் தாழ் போடவிடமாட்டா. நான் என் மகன் டூர் போறேன்னு அழுதப்ப அடிச்சேன். நான் கை வச்சிருக்கிற இவ தெருவுல கத்திட்டா. நாங்க வீட்டுக்குள்ள கத்துறோம். வித்தியாசம் அவ்வளவுதான்."

நர்ஸ்தான் முதலில் நகர்ந்தாள். கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு வாயாடியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க வார்டுல ஒரு சாவு நடந்தா அன்னிக்கு ராத்திரி நாங்க உக்காந்து பேசுவோம்டி. பேசாமப் போனா ஒரு நர்ஸும் மறுநாள் வர மாட்டா. உன்னை வருஷம் பூரா வாயைக் கட்டி வச்சிருக்காங்களே, பாவிங்க." பிறகு சோபாக்காரரைப் பார்த்துக் கை கூப்பினாள். "அய்யா, நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கணும். கேக்காமலே புள்ளைங்கள நிறுத்திட்டேன்."

சோபாக்காரர் டேப் ஒட்டிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "அப்ப என் மூஞ்சியில ஒன்னும் இல்லைன்னு சொல்றீங்க" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், கண்ணீர் முந்திக்கொண்டது.

திங்கட்கிழமை அவளே போய் சூப்பர்வைசர் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. "அக்கா, மேல சொல்லித்தான் ஆகணும். சொன்னா உங்களை நிறுத்திடுவாங்க" என்றான். அப்போது நெட்டை, யாரும் கேட்காமலே, மௌஸிலிருந்து வலது கையை எடுத்துப் பக்கத்திலிருந்தவளின் முதுகில் வைத்தாள். அவள் தன் பக்கத்தவளின் முதுகில் வைத்தாள். கூடத்தின் கோடி வரைக்கும் அப்படியே போயிற்று. மேசைக்கு மேசை மஞ்சள் விளக்கு எரிந்தது. சூப்பர்வைசர் தம்பி நின்ற இடத்தில் நின்றான். பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அந்தப் படங்களையெல்லாம் கடைசியாகப் பார்த்துச் சொடுக்குவது அவன் என்பது அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. நெட்டை எழுந்து போய் அவன் முதுகிலும் கை வைத்தாள்.

வாயாடியை நிறுத்தக் கூடாது, வேலையைப் பற்றி வீட்டில் சொல்ல விடவேண்டும் என்று பெண்கள் சேர்ந்து மேலிடத்தைக் கேட்டார்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. எங்கோ தூரத்தில் இருக்கிற பெரிய மனிதர்கள் திரையில் வந்து இனிக்க இனிக்கப் பேசிவிட்டுப் போனார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தார்கள். வாயாடியை நிறுத்தவில்லை. மஞ்சள் விளக்குகள் கழன்றன. மோசமான படம் பார்த்தவள் எழுந்து போய்த் திரை தூக்கிய ஜன்னலோரம் உட்காரலாம் என்று ஆயிற்று. வாரத்துக்கு ஒரு முறை ஒரு டாக்டரம்மா வந்து உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்கிறாள். என்ன வேலை, அது தன்னை என்ன செய்கிறது என்று வீட்டில் சொல்லலாம். படங்கள் குறையவில்லை. மனிதர்கள் செய்வதைக் குறைத்தால்தானே அவை குறையும்.

பட்டறைக்குப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். நர்ஸின் பையன்கள் முதலில், பேத்தி கடைசியில். மருமகனே கொண்டுவந்து விட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனான். குதிக்கிற சத்தம் மறுபடி நாலு மாடிக்கும் கேட்டது. ஆனால் சோபாக்காரர் ஒரு விஷயத்தில் மாறிவிட்டார். பிள்ளைகளைத் தொடுவதில்லை. ஒருவன் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டால்கூட, "எழுந்திருப்பா ராசா, எழுந்திரு" என்று தள்ளி நின்றே சொல்வார். வாயாடி அதைப் பார்த்தாள். வாயால் சொல்லி மாற்றக் கூடியதாக அது தெரியவில்லை.

மறுபடி ஒரு மழை. வேலையிலிருந்து வந்தவள் குடையோடு பட்டறைக்குள் நுழைந்தாள். மற்ற பிள்ளைகளெல்லாம் போய்விட்டிருந்தார்கள். சிட்டு ஒரு புது சோபாவில் பென்சிலைப் பிடித்தபடி தூங்கிப்போயிருந்தாள். ஒரு காலில் ஷூ, இன்னொரு கால் வெறுங்கால். மாடிப்படிக்குப் போக முற்றத்தைத் தாண்டவேண்டும். முற்றத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"தூங்கிட்டா" என்றார் சோபாக்காரர், எட்ட நின்று. "எழுப்பலை. நீயே தூக்கிக்கோம்மா. நான் குடை பிடிக்கறேன்."

வாயாடி மகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மூலையில் மடித்து வைத்திருந்த பழுப்புத் துணியைப் பார்த்தாள்.

"எனக்கு இடுப்பு வலிக்குது மாமா. நீங்க தூக்குங்க. குடையை நான் பிடிக்கறேன்."

"உனக்கு எப்பம்மா இடுப்பு வலி வந்துது?"

"இப்பதான்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். துணியைப் பிரித்து, சிட்டுவைச் சுற்றி, தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். சிட்டு தூக்கத்திலேயே "ஸ்பிரிங் குத்துது" என்று முனகினாள். இரண்டு பேரும் மழைக்குள் இறங்கினார்கள்.

முற்றத்தின் நடுவில் துணிக்கு வெளியே அந்தக் கால்கள் தொங்கி ஆடுவது வாயாடியின் கண்ணில் பட்டது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. அவளையறியாமல் விரல் குடைக்காம்பை இரண்டு தடவை தட்டியது.

சோபாக்காரர் நின்றார்.

"ரெண்டு கையையும் உன் பொண்ணு எடுத்துக்கிட்டாளேம்மா" என்றார். "வாயாலதான் சொல்ல முடியும். நான் இருக்கேன். நட."

அவள் நடந்தாள். முதல் படியில் கால் வைத்ததும் பேச ஆரம்பித்தாள். இந்தக் கட்டடத்தில் ஒரு லிஃப்ட் வைக்க ஒரு மெக்கானிக்குக்குக்கூட வக்கில்லையே என்று ஆரம்பித்தவள், நெட்டையின் மகன் டூர் போய் வந்த கதை, டாக்டரம்மாவின் குறட்டை மாதிரிச் சிரிப்பு, பஸ்ஸில் ஒருவன் அவள் குடையை இடித்தது என்று போனாள். இரண்டாவது மாடியில் நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"என் காது போச்சு" என்றார் சோபாக்காரர், மூச்சு வாங்க, அடுத்த மாடிக்கு ஏறிக்கொண்டே. "அப்புறம்? குடையை இடிச்சானே, அவனை நீ என்ன சொன்ன?"